மருத்துவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் இரகசியக் கலந்தாய்வு: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நடத்திய அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லவும்

கேள்வி: பொது மருத்துவர், கிருஷ்ணகிரி மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். நெடுஞ்சாலையை ஒட்டிய ஊரில் உள்ள சிறிய தனியார் மருத்துவமனையில் பொது மருத்துவராகப் பணிபுரிகிறேன். எங்களைப் போன்ற ஐந்தாறு மருத்துவமனைகளின் மருத்துவர்கள் மாதம் ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, சிகிச்சையில் தவறிப்போனவற்றையும் தவற இருந்து தப்பியவற்றையும் பேசவேண்டும் என்பது என் விருப்பம். பெரிய மருத்துவக் கல்லூரிகளில் துறைக்குள்ளேயே இறப்பு ஆய்வுக் கூட்டம் நடக்கிறது. பத்துப் பேர் கூட இல்லாத எங்களைப் போன்ற இடங்களில் அதற்கு வழியில்லை.

இந்த எண்ணம் வலுப்படக் காரணமான நிகழ்வைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் உள்ள கிராமத்து இளைஞர் ஒருவர், வீட்டில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர், விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருக்கிறார். முதலில் போன இடத்தில் வயிற்றுப்புண் என்று கருதி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்துக்குப் போனபோது கண் இமைகள் தொங்கத் தொடங்கியிருந்தன; இரவெல்லாம் தூக்கமில்லை என்று வீட்டார் சொன்னதால் அதுவும் களைப்பாகவே தெரிந்திருக்கிறது. எங்களிடம் வந்து சேர்ந்தபோது எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு மேலோட்டமாகிவிட்டது. உடம்பில் கடித்த தடம் எங்கும் இல்லை. கட்டுவிரியன் கடி என்று முடிவுசெய்து, நச்சுமுறி மருந்து கொடுத்து வென்டிலேட்டரில் வைத்தோம். சில நாட்களில் தேறி நடந்தே வீட்டுக்குப் போனார்.

கட்டுவிரியன் இரவில் தூங்குபவரைக் கடிக்கும், பல நேரங்களில் வலியோ தடமோ இருக்காது, விடியற்காலை வயிற்றுவலியோடு வந்து பிறகு இமை, தொண்டை, மூச்சுத் தசைகள் என்று வரிசையாகச் செயலிழக்கும் என்பதை நாங்கள் அனைவரும் படித்தவர்கள்தான். மூன்று இடத்து மருத்துவர்களும் திறமை குறைந்தவர்கள் அல்லர். ஆனால் முதல் இரண்டு இடங்களில் பார்த்தவர்களுக்கு அந்த இளைஞர் பிறகு என்ன ஆனார் என்பதே இன்றுவரை தெரியாது. நான் தொலைபேசியில் அழைத்துச் சொன்னால் குற்றம் சாட்டுவதாக நினைப்பார்களோ என்று தயங்கினேன். நோயாளி பிழைத்துவிட்டதால் விசாரணை என்று எதுவும் வரவில்லை. அவர் இறந்திருந்தால் விசாரணை வந்திருக்கும், அப்போது எங்களில் எவரும் வாயைத் திறந்திருக்க மாட்டோம். இரண்டு நிலையிலும் அடுத்த நோயாளிக்குப் பயன்படும் பாடம் எங்கும் பதிவாகவில்லை.

என் ஐயங்கள் இவை. அந்தக் கூட்டத்தில் பேசியதை எழுதி வைத்தால் நாளை நீதிமன்றம் கேட்டு வாங்க முடியுமா? பெயரை நீக்கினாலும் இந்தச் சிறிய வட்டாரத்தில் எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர் என்பது உடனே தெரிந்துவிடுமே, அதை எப்படிச் சமாளிப்பது? மருத்துவமனையின் உரிமையாளரும் அவரிடம் சம்பளம் வாங்கும் டியூட்டி டாக்டரும் ஒரே அறையில் இருந்தால் இளையவர் உண்மையைச் சொல்வாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, நாங்கள் இப்படிக் கூடிப் பேசுவது நோயாளியின் குடும்பத்திடமிருந்து எதையோ மறைப்பதாக ஆகிவிடாதா?

பதில்: ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர், தருமபுரி

வணக்கம் டாக்டர். அரசுப் பணியில் இருந்த காலத்தில் மகப்பேற்று இறப்பு ஆய்வுக் கூட்டங்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தமிழ்நாடு 1990களிலேயே ஒவ்வொரு தாயின் இறப்பையும் தனித்தனியே ஆராயத் தொடங்கிவிட்டது. 2018 முதல் 2020 வரையிலான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர் இறந்தார்கள். இரத்த வங்கிகள், 24 மணிநேரப் பிரசவ சேவை, 108 வண்டி எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு. ஒவ்வொரு இறப்பையும் விடாமல் திரும்பிப் பார்த்த பழக்கமும் அவற்றுள் ஒன்று என்றே நம்புகிறேன்.

ஆனால் நீங்கள் கேட்கும் கூட்டமும் நான் உட்கார்ந்திருந்த கூட்டமும் ஒன்றல்ல. தேசிய வழிகாட்டுதலில் பழி சுமத்தக்கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது. இருந்தும், மேலதிகாரிகள் மேசைக்கு அந்தப் பக்கமும் பிரசவம் பார்த்தவர் இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கும் அறையில், அடுத்து வரப்போவது விளக்கம் கேட்கும் மெமோவா, 17பி என்னும் ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டா என்ற நினைப்பே பேசுபவரின் மனத்தில் ஓடும். வாய் ஒன்று சொல்லும், கேஸ் ஷீட் ஒன்று சொல்லும். அரசு அந்த ஆய்வை நடத்தத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதே வேலையை உங்கள் கூட்டத்தின் தலையில் ஏற்றிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

பிரிட்டனில் 1952 முதல் தாய்மார் இறப்புகளை இரகசியமாக ஆராயும் முறை நடந்துவருகிறது. ஆவணங்களில் பெயரை நீக்கிய பிறகே ஆய்வாளர்கள் படிப்பார்கள், பாடங்களை அறிக்கையாக அனைவருக்கும் வெளியிடுவார்கள். நமக்கு மிக அருகிலேயே கேரளத்தில் மகப்பேறு மருத்துவர் சங்கத்தினர் 2004-இல் இதே வழியில் இரகசிய ஆய்வைத் தொடங்கினார்கள். அது மருத்துவர்கள் தாங்களாகவே முன்வந்து தொடங்கியது. பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கே உயிரைக் கொண்டுபோகும் காரணங்களில் முதன்மையானது என்று கண்டு, அதை எதிர்கொள்ளும் பயிற்சிகளை மாநிலம் முழுவதும் நடத்தினார்கள்.

நடத்தும் முறையைப் பற்றி. கூட்டத்தை நடத்துபவர் அங்கிருக்கும் எவருக்கும் முதலாளியாகவோ மேலதிகாரியாகவோ இருக்கக்கூடாது; ஓய்வுபெற்றவரோ வேறு மாவட்டத்தவரோ இருப்பது நல்லது. பேச்சை நேர வரிசையிலிருந்து தொடங்குங்கள். எத்தனை மணிக்கு வந்தார், அப்போது நாடி எவ்வளவு, யார் பார்த்தார், அந்த நிமிடத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது என்ன. முடிவு தெரிந்த பிறகு பின்னோக்கிப் பார்த்தால் எல்லாம் வெளிச்சமாகத் தெரியும். அந்த வெளிச்சம் அவருக்கு அப்போது இருக்கவில்லை என்பதை நடத்துபவர் திரும்பத் திரும்ப நினைவூட்ட வேண்டியிருக்கும்.

எடுத்துக்காட்டாக, எங்கே என்று சொல்லாமல் சொல்கிறேன். மலைக்கிராமத்துப் பெண், குழந்தை பிறந்த பின் இரத்தம் நிற்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் தாமதமாக அனுப்பிவிட்டார் என்று அறையில் இருந்த எல்லோரும் அந்தச் செவிலியரையே குறைசொன்னார்கள். நேரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பலகையில் எழுதியபோது, செவிலியர் உடனே வண்டி ஏற்றியிருக்கிறார் என்பதும், பெரிய மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் போகாததால் தாய் வந்து இறங்கிய பிறகுதான் இரத்த வகை பார்க்கவே ஆளைத் தேடியிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தன. அன்றிலிருந்து வண்டி கிளம்புவதற்கு முன் இரத்த வகையைச் சொல்லித் தொலைபேசியில் அழைக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். யார் செய்தது என்ற கேள்வியிலேயே நின்றிருந்தால் அந்தச் செவிலியரை இடமாற்றம் செய்வதோடு முடிந்திருக்கும், அடுத்த தாய்க்கும் இரத்தம் தாமதமாகவே கிடைத்திருக்கும்.

சிறிய ஊர் என்ற சிக்கலுக்கு முழுத் தீர்வு கிடையாது. சேலம் பக்கமோ திருப்பத்தூர் பக்கமோ இதேபோன்ற குழு இருந்தால் நிகழ்வுகளை மாற்றிக்கொள்ளுங்கள். அவர்களுடையதை நீங்களும் உங்களுடையதை அவர்களும் பேசலாம். அதுவரை, சம்பந்தப்பட்டவரே தாமாகக் கொண்டுவந்தால் தவிர எந்த நிகழ்வையும் எடுக்காதீர்கள். இல்லாதவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது புறம்பேசும் கூட்டமாகிவிடும்.

பதில்: வழக்கறிஞர், தருமபுரி

மருத்துவர் கேட்ட முதல் கேள்விக்கு ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்லவேண்டும். முடியும்; நீதிமன்றம் கேட்டு வாங்க முடியும்.

அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டின் நோயாளர் பாதுகாப்புச் சட்டம், இதற்கென்று பதிவுபெற்ற அமைப்புகளுக்கு மருத்துவமனைகள் கொடுக்கும் ஆய்வுக் குறிப்புகளை வழக்கில் சான்றாகப் பயன்படுத்தவிடாமல் பாதுகாக்கிறது. அங்கும் நோயாளியின் மூல மருத்துவப் பதிவேட்டுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. நம் நாட்டில் மருத்துவர்கள் தங்களுக்குள் நடத்தும் கலந்தாய்வுக்கு என்று அப்படிப்பட்ட தனிச்சட்டம் இல்லை. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு, ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் சொன்னதற்கு இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவின்படி, வழக்குக்குத் தேவையான ஆவணத்தைக் கொண்டுவரும்படி நீதிமன்றமோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ உத்தரவிடலாம். அரசு மருத்துவமனையாக இருந்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தையும் நினைவில் வைக்கவேண்டும். அதில் விலக்குகள் உண்டு என்றாலும் கேட்பவர் கேட்கத்தான் செய்வார்.

இதைச் சொன்னதும் அஞ்சிவிடாதீர்கள். அச்சம் எந்த அளவுக்கு நியாயமானது என்பதையும் பார்க்கவேண்டும். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், மருத்துவர் மீது குற்ற வழக்குத் தொடரச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் இருக்கவேண்டும் என்றும், விசாரணை அதிகாரி அந்தத் துறை அறிந்த சார்பற்ற மருத்துவரின், இயன்றால் அரசுப் பணியில் உள்ளவரின், கருத்தைப் பெறவேண்டும் என்றும் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு, அலட்சியத்தால் நேரும் மரணத்துக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு வரை சிறை என்றாலும், மருத்துவச் செயல்முறையின்போது பதிவுபெற்ற மருத்துவரால் நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை என்று வரம்பு வைத்திருக்கிறது. இழப்பீட்டு வழக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது 1995-ஆம் ஆண்டின் சாந்தா வழக்குத் தீர்ப்பிலிருந்து வந்த வழி. இந்த வழக்குகளில் மருத்துவரைப் பெரிதும் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் அன்றன்றைக்கு எழுதிய கேஸ் ஷீட்தான். என் தொழில் அனுபவத்தில் மருத்துவர்கள் சிக்கிக்கொள்வது அடித்துத் திருத்திய பக்கத்தாலும் காணாமல் போன பக்கத்தாலும்தான். நேர்மையாக நடந்த கலந்தாய்வால் சிக்கியவரை நான் பார்த்ததில்லை.

ஆகவே கூட்டத்தில் வருகைப் பதிவும் பாடங்களும் மட்டும் எழுதப்படட்டும். 'விடியற்காலை வயிற்றுவலியோடு வருபவரிடம் தரையில் படுத்தாரா என்று கேட்கவேண்டும், இமையைப் பார்க்கவேண்டும்' என்பது பாடம். அதில் எவர் பெயரும் இல்லை, எந்த நீதிமன்றத்திலும் அதைத் தயங்காமல் காட்டலாம். யார் என்ன சொன்னார் என்பதை எழுதவேண்டாம், ஒலிப்பதிவு வேண்டாம், வாட்ஸ்அப் குழு வேண்டவே வேண்டாம். கேஸ் ஷீட்டின் படத்தை எடுத்து அனுப்புவது நோயாளியின் அந்தரங்கத்தையும் கெடுக்கும், உங்களையும் கெடுக்கும். முதல் கூட்டத்திலேயே ஒவ்வொருவரும் இரகசிய உறுதிமொழியில் கையெழுத்திடுங்கள். அது நீதிமன்றத்தைத் தடுக்காது, ஆனால் தேநீர்க் கடையில் பேசுவதைத் தடுக்கும். வழக்கோ நோட்டீசோ ஏற்கெனவே வந்துவிட்ட நிகழ்வைக் கூட்டத்தில் எடுக்காதீர்கள், அது உங்கள் வழக்கறிஞருடன் பேசவேண்டியது. நோட்டீஸ் வந்த பிறகு எந்தத் தாளையும் கிழிக்காதீர்கள், அது தனிக் குற்றம்.

பதில்: அறுவை அரங்குச் செவிலியர், ஓசூர்

கேள்வி கேட்ட சார், பதில் சொன்ன அம்மா, இருவரும் மருத்துவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். தவறு நடப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் அதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நாங்கள்தான் என்பதால் எழுதுகிறேன்.

முன்பு நான் வேலைபார்த்த இடத்தில் சிசேரியனுக்கான மருந்துத் தட்டில் இரண்டு கண்ணாடி ஆம்பூல்கள் அருகருகே இருக்கும். ஒன்று முதுகுத்தண்டில் போடும் மரத்துப்போகும் மருந்தான பியுபிவகெய்ன், மற்றது இரத்தப்போக்கைக் குறைக்க நரம்பில் போடும் டிரனெக்சாமிக் அமிலம். இரண்டும் நிறமற்ற திரவம், அளவும் ஏறக்குறைய ஒன்று, கழுத்தை உடைத்துத் தட்டில் வைத்துவிட்டால் எழுத்து உள்ள பக்கம் திரும்பியிருக்கும். இரண்டாவது மருந்து முதுகுத்தண்டில் போனால் வலிப்பு வரும், உயிரே போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இதைப் பற்றித் தனியாக எச்சரிக்கை வெளியிட்டது.

ஒருநாள் மயக்க மருந்து டாக்டர் சிரிஞ்சில் உறிஞ்சப் போகும் நேரத்தில், உடன் இருந்த இளைய செவிலியர் 'சார், அது டிரனெக்சா' என்று சொல்லிவிட்டார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. டாக்டர் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னார், அன்றே அந்த மருந்தை மயக்க மருந்துத் தட்டிலிருந்து எடுத்து அறைக்கு வெளியே உள்ள அலமாரிக்கு மாற்றினோம். பக்கத்துத் தெரு மருத்துவமனைகளிலும் அதே தட்டு அப்படியே இருக்கும் என்பது எனக்குத் தெரியும். யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. உங்கள் கூட்டம் இதற்குத்தான் வேண்டும். அதில் செவிலியருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

பதில்: பள்ளி ஆசிரியர், பென்னாகரம் வட்டம்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். என் தாயார் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தார். என்ன நடந்தது என்று எங்களிடம் உட்கார்ந்து சொல்ல எவரும் வரவில்லை. நாங்கள் அறைக்கு அருகே போனாலே பேச்சு நின்றுவிடும். வழக்குப் போடச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள். நாங்கள் போடவில்லை. எங்களுக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை, காரணம் வேண்டியிருந்தது.

மருத்துவர்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேசுவது நல்லது என்பதை இங்கே எழுதியவற்றிலிருந்து புரிந்துகொள்கிறேன். ஆனால் கதவைச் சாத்திய அந்த அறைக்குள் எங்களுக்குக் கிடைக்காத விடை கிடைத்துவிட்டு, அது அங்கேயே தங்கிவிடும் என்றால் அந்த இரகசியத்தை நான் எப்படி ஏற்பது? கேள்வி கேட்டவரே கடைசியில் இந்த ஐயத்தை எழுப்பியிருந்ததால்தான் எழுதத் துணிந்தேன்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

ஐயா, உங்கள் தாயாருக்கு நேர்ந்ததற்கும் அதன்பின் உங்களுக்கு நேர்ந்ததற்கும் வருந்துகிறேன். மற்ற பதில்களைப் படித்தபின் எனக்குத் தெளிவானதை உங்களுக்குச் சொல்லவேண்டும். நடந்தவை எவையும் இரகசியம் அல்ல. எந்த நேரத்தில் எந்த மருந்து கொடுத்தோம், எப்போது நிலைமை மாறியது, அப்போது என்ன செய்தோம் என்பவை குடும்பத்துக்கு உரியவை. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை ஒழுங்குவிதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரிமை உள்ளவரோ கேட்டால் 72 மணிநேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டின் நகலைத் தரவேண்டும். அறைக்குள் தங்கவேண்டியது, 'நான் அப்போது வேறொன்றை நினைத்துவிட்டேன்', 'பெரியவரை எழுப்ப அஞ்சினேன்' என்று ஓர் இளைய மருத்துவர் சொல்லும் சொற்கள் மட்டுமே. அவை வெளியே போகும் என்று தெரிந்தால் அவர் அவற்றைச் சொல்லவே மாட்டார், காரணமும் கிடைக்காது.

ஆகையால் எங்கள் விதிகளில் ஒன்றைச் சேர்க்கப்போகிறேன். நோயாளிக்குத் தீங்கு நேர்ந்த நிகழ்வு என்றால், என்ன நடந்தது என்பதைப் பொறுப்பு மருத்துவர் குடும்பத்தாரோடு உட்கார்ந்து சொல்லியாகிவிட்டது என்று உறுதிசெய்த பிறகே அது கூட்டத்துக்கு வரும். சொல்லாதவருக்கு அந்த மேசையில் இடம் இல்லை. பேசும்போது புதிதாக ஓர் உண்மை தெரியவந்தால், எடுத்துக்காட்டாக மருந்து மாறிப்போனது என்று தெரிந்தால், அதையும் போய்ச் சொல்லும் கடமை அவருக்கு உண்டு. இதனால் தொடக்கத்தில் வருபவர்களின் எண்ணிக்கை குறையலாம். குறையட்டும்.

அம்மா சொன்னபடி நடத்துபவரை வெளியிலிருந்து அழைக்க விரும்புகிறேன். உங்களுக்கே இயலும் என்றால் பெரும் மகிழ்ச்சி. உரிமையாளர்களும் இளையவர்களும் ஒன்றாக உட்கார்வது பற்றி, முதல் சில மாதங்கள் உரிமையாளராக உள்ள மருத்துவர்கள் தங்கள் நிகழ்வுகளையே முதலில் வைக்கட்டும் என்று நினைத்திருக்கிறேன். நானும் என்னிடம் வந்து சேர்ந்த அந்தப் பாம்புக்கடி நிகழ்வை, முதல் இரண்டு மருத்துவர்களையும் நேரில் பார்த்து அவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் எடுப்பேன். வழக்கறிஞர் ஐயாவுக்கு ஒரு கேள்வி: நச்சுமுறி மருந்துக்கு வரும் ஒவ்வாமை போன்றவற்றை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவித்தால் அதுவும் எங்களுக்கு எதிராகத் திரும்புமா? சிலர் அதற்கும் அஞ்சுகிறார்கள்.

பதில்: வழக்கறிஞர், தருமபுரி

அஞ்சத் தேவையில்லை. அறிக்கை அனுப்புவதால் அந்த விளைவுக்கு மருத்துவப் பணியாளரோ மருந்தோ காரணம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று அந்தப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். தெரிவித்தவரின் அடையாளமும் இரகசியமாக வைக்கப்படும். குடும்பத்தாரிடம் முதலில் சொல்லவேண்டும் என்ற உங்கள் விதியை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். சொல்லும்போது உடன் ஒரு மூத்த செவிலியரை வைத்துக்கொள்ளுங்கள், சொன்ன நாளையும் நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர், தருமபுரி

வருகிறேன் டாக்டர். ஒரே கூட்டத்தில் இரண்டு நிகழ்வுகளுக்கு மேல் எடுக்காதீர்கள். தட்டை மாற்றிய செவிலியர் அம்மா வருவதாக இருந்தால் அவருடையதை முதலில் வைக்கலாம். யாருக்கும் தீங்கு நேராத நிகழ்வில் தொடங்கினால் மற்றவர்களுக்கும் பேச்சு வரும்.

பதில்: அறுவை அரங்குச் செவிலியர், ஓசூர்

வருகிறேன் அம்மா. கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைத்தால் எங்களில் எவரும் வர இயலாது, அது இரவுப் பணிக்கு ஆள் மாறும் நேரம். பிற்பகல் மூன்று மணி என்றால் காலைப் பணி முடித்தவர்கள் பேருந்து பிடித்து வந்துவிடுவோம்.